ஒரு தையல்தானே!

2019 தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது எங்கள் தெருமுனை டெய்லரிடம் ஒரு வார்த்தை சொன்னேன். அந்த வார்த்தைக்கு இன்றுவரை வட்டி கட்டிக்கொண்டிருக்கிறேன்.

என் மனைவியின் ஜாக்கெட்டில் அக்குள் பக்கம் 4 அங்குலத்துக்குத் தையல் விட்டிருந்தது. எடுத்துக்கொண்டு போனேன். கடை முழுக்கத் துணி மலை. மலைக்கு நடுவே டெய்லரின் தலை மட்டும் தெரிந்தது. ஜாக்கெட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு 30 ரூபாய் என்றார்.

"என்ன பாய், ஒரு தையல்தானே! 10 ரூபாய் வாங்கிக்குங்க."

அவர் கோபப்படவில்லை. ஜாக்கெட்டை நாலாக மடித்து என் கையிலேயே வைத்தார். "கரெக்ட் சார். ஒரு தையல்தானே. வீட்டுலயே போட்டுக்குங்க."

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. நான் லேசுப்பட்ட ஆளா? இதே பெங்களூரில் ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையில் 34 வருஷம் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் குப்பை கொட்டி ஓய்வுபெற்றவன். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் சிவப்புப் பெயின்ட் அடித்து ஒதுக்கித் தள்ளிய கை இது. இரும்பையே வழிக்குக் கொண்டுவந்தவனுக்கு ஒரு முழத் துணி எம்மாத்திரம்? இரும்பை வைத்தால் வைத்த இடத்தில் இருக்கும், துணி அப்படி இருக்காது என்ற சின்ன விஷயம் மட்டும் அன்றைக்கு எனக்குத் தெரியாது.

வீட்டில் மிஷின் இருந்தது. என் மாமியார் சீராகக் கொடுத்த கால் மிஷின். கறுப்பு உடம்பு, கழுத்தில் தங்கப் பூ. வந்த புதிதில் அதன்மேல் ரேடியோ இருந்தது. பிறகு டி.வி. இருந்தது. கடைசி பத்து வருஷமாக இஸ்திரிக்குப் போக வேண்டிய துணி இருந்தது. தைக்கவில்லையே தவிர, அது ஒரு நாளும் சும்மா நின்றதில்லை.

"நீங்களா தைக்கப்போறீங்க?" என்றாள் மனைவி.

கையோடு சரித்திரத்தை எடுத்துவிட்டேன். தையல் மிஷினுக்கு 1846-ல் பேட்டன்ட் வாங்கிய எலியாஸ் ஹோ ஆண். 1851-ல் அதைத் திருத்தி வியாபாரமாக்கிய ஐசக் சிங்கரும் ஆண். இயந்திரங்களை ஆகாதென்று சொன்ன காந்தியே 1924-ல் ஜி. ராமச்சந்திரன் என்ற மாணவரிடம் பேசும்போது சிங்கர் மிஷினுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார். மனைவி கையால் தைத்துத் தைத்துக் கஷ்டப்படுவதைப் பார்க்கப் பொறுக்காமல், அன்பினால் சிங்கர் செய்த இயந்திரம் அது என்பது அவர் எண்ணம்.

இங்கேயே நிறுத்தியிருக்கலாம். தரக்கட்டுப்பாட்டுப் புத்தி நிறுத்த விடவில்லை. நிஜத்தில் சிங்கருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பம், 20-க்கு மேல் பிள்ளைகள் என்பதையும் சொல்லித் தொலைத்தேன்.

"அத்தனை பேருக்கும் ஜாக்கெட், சட்டை எல்லாம் கையாலயா தைக்க முடியும்? மிஷின் கண்டுபிடிக்காம என்ன செய்வார்?" என்று சொல்லிவிட்டு அவள் இஸ்திரித் துணியை அள்ளிக்கொண்டு போனாள். மிஷின் எனக்கு விடுதலையானது.

முதல் அரை மணி நேரம் ஊசியின் காதைத் தேடினேன். கை ஊசிக்குக் காது தலையில் இருக்கும். மிஷின் ஊசிக்கு அது நுனியில் இருக்கிறது. மிஷின் என்ற சமாசாரமே சாத்தியமானதற்கு இந்தத் தலைகீழ் மாற்றம் ஒரு முக்கியக் காரணம். நுனியில் காது இருப்பதால்தான் ஊசி துணிக்குள் பாதி இறங்கி மேல் நூலைக் கண்ணியாக விடுகிறது. கீழே பாபின் நூல் அந்தக் கண்ணிக்குள் புகுந்து பூட்டுப் போடுகிறது. தத்துவம் எனக்கு ஐந்து நிமிஷத்தில் புரிந்துவிட்டது. நூல் கோக்க முக்கால் மணி ஆனது.

அடுத்தது கால். பெடலை மிதித்தால் சக்கரம் முன்னால் சுற்ற வேண்டும். என் காலுக்கு அது பின்னால்தான் சுற்றியது. பின்னால் சுற்றினால் நூல் அறும். அறுந்தது. கோத்தேன். மிதித்தேன். அறுந்தது. ஒரு வழியாகச் சக்கரம் நான் சொன்ன பேச்சைக் கேட்க ஆரம்பித்தபோது, மேலே தையல் முத்து முத்தாக ஓடியது. புளகாங்கிதத்தோடு துணியைத் தூக்கினால் வரவில்லை. அடியில் தூக்கணாங்குருவி குடும்பத்தோடு வந்து கூடு கட்டியிருந்தது. பாபின் கேஸில் கோளாறு என்று அந்தத் துளியூண்டு திருகை ஒரு வாரம் திருகினேன். தப்பு அங்கே இல்லை என்பது வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. அதைச் சொல்லிக்கொடுத்தது யார் என்பது பின்னால் வருகிறது.

குடும்ப சேவையில் முதல் உருப்படி, கலம்காரித் துணியில் மனைவிக்கு ஒரு புது ஜாக்கெட். கிழிந்த பழையதை விட்டுவிட்டு எதற்குப் புதியது என்று கேட்காதீர்கள். கிழிந்ததை அளவு ஜாக்கெட்டாக எடுத்துக்கொண்டேன். செய்தித்தாளில் வரைந்து பேப்பர் கட்டிங் எடுத்தேன். ஸ்கேல், மூலைமட்டம் எல்லாம் வைத்து ஜாக்கெட்டுக்கு ப்ளூபிரின்ட் போட்ட முதல் கணவன் நானாகத்தான் இருப்பேன்.

கையில்தான் சறுக்கியது. கைத்துணியில் முன்பக்கக் குழிவைப் பின்பக்கத்தைவிட ஆழமாக வெட்ட வேண்டும். அப்போதுதான் கையை முன்னால் நீட்ட வரும். ஆகவே ஒரு கை மற்றதற்குக் கண்ணாடிப் பிம்பமாக அமைய வேண்டும். பூப்போட்ட துணிக்கு நல்ல பக்கம், கெட்ட பக்கம் வேறு உண்டு. நான் ஒரே பேப்பரை ஒரே பக்கமாக வைத்து, வெகு துல்லியமாக, இரண்டு இடது கைகள் வெட்டியிருந்தேன். இரண்டுக்கும் அரை மில்லிமீட்டர்கூட வித்தியாசம் கிடையாது. தொழிற்சாலையாக இருந்திருந்தால் பாராட்டுக் கடிதமே கொடுத்திருப்பார்கள்.

துணி போதவில்லை. இருந்ததை வைத்தே மூட்டினேன். போட்டுப் பார்த்தவளின் வலது கை ஒரு வாட்டமாகத் தூக்கியே நின்றது.

"ஏங்க, ஆட்டோ நிறுத்த வசதியா இருக்கு. ஆட்டோவுல ஏறினதும் கையை இறக்க என்ன செய்யணும்?"

அதைப் பிரித்தேன். மறுபடி தைத்தேன். பிரித்தேன். பொங்கல் வந்தது, போனது. ஜாக்கெட் எப்போது வரும் என்று அவள் கேட்கும்போதெல்லாம் எங்கள் அல்சூர் ஏரிக்கரை வள்ளுவரைக் காட்டினேன். 1991-ல் நிறுவிய சிலை. தகராறில் திறப்பு விழா நின்றுபோய், 2009 ஆகஸ்ட் 9 அன்று கருணாநிதி வந்து திறக்கும்வரை 18 வருஷம் மூடியே கிடந்தது. நெசவாளி என்று ஊர் சொல்லும் வள்ளுவரே 18 வருஷம் போர்வைக்குள் பொறுமையாக இருந்தார், ஒரு ஜாக்கெட்டுக்கு என்ன அவசரம் என்றேன். அவள் அந்த வாரமே சிக்பேட்டைக்குப் போய் நாலு ரெடிமேட் ஜாக்கெட் வாங்கி வந்துவிட்டாள்.

சிக்பேட்டை வேறு தனிச் செலவு. மெட்ரோவுக்கு அங்கேயே ஸ்டேஷன் வந்துவிட்டது. 2023 ஜூன் 11 முதல் சக்தி திட்டத்தில் பெண்களுக்குச் சாதாரண அரசு பஸ்ஸில் டிக்கெட்டுக்குக் காசும் கிடையாது. எனக்கு ஒரு மீட்டர் லைனிங் வேண்டும் என்றால் "நான் ஃப்ரீயா போயிட்டு வரேன்" என்று கிளம்பிவிடுவாள். மேட்சிங் சென்டரில் நிறம் ஒத்துவராது. வெறுங்கையோடு வரக்கூடாது என்று ஒரு புடவை வாங்குவாள். அந்தப் புடவைக்கு ஜாக்கெட் வேண்டும். அதற்கு லைனிங் வேண்டும். இலவசப் பயணத்தால் இவ்வளவு செலவழித்த குடும்பம் கர்நாடகத்தில் வேறு இருக்காது.

அப்புறம் வாடிக்கையாளர்கள். எனக்குக் கன்னடம் நன்றாகத் தெரியும் என்பது என் அபிப்பிராயம். பக்கத்து வீட்டு அம்மா, மிஷின் சத்தம் கேட்டு என்ன செய்கிறீர்கள் என்று விசாரித்தார். தையலுக்குக் கன்னடத்தில் ஹொலிகெ. போளிக்கு ஹோளிகெ. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, வீட்டில் ஹோளிகெ செய்கிறேன், ஆர்டர் கொடுத்தால் உங்களுக்கும் செய்து தருவேன் என்று சொல்லியிருக்கிறேன். அந்த அம்மா முகம் மலர்ந்தார். யுகாதிக்கு இரண்டு நாள் முன்னால் மூன்று வீட்டிலிருந்து மொத்தம் 60 ஹோளிகெ ஆர்டர் வந்தது. ஒரு வீட்டில் நெய்யும் கொடுத்தனுப்பியிருந்தார்கள். என் மனைவி இரண்டு நாள் கடலைப்பருப்பு வேகவைத்துப் பூரணம் அரைத்து மானத்தைக் காப்பாற்றினாள். என் தையல் தொழிலில் லாபம் வந்த ஒரே ஆர்டர் அதுதான்.

போளியைத் தின்ற தைரியத்தில் ஒரு வீட்டில் காட்டன் புடவை கொடுத்து ஃபால்ஸ் அடித்துத் தரச் சொன்னார்கள். இதில் ஒரு ரகசியம் இருக்கிறது. ஃபால்ஸ் துணியைத் தண்ணீரில் நனைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்டு, அதன் சுருக்கம் முழுவதும் தீர்ந்த பிறகே புடவையில் வைத்துத் தைக்க வேண்டும். இது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம் என்பதால் எனக்கு யாரும் சொல்லவில்லை. கடையில் வாங்கியதை அப்படியே அடித்துக் கொடுத்தேன். முதல் சலவையில் ஃபால்ஸ் சுருங்கியது, புடவை சுருங்கவில்லை. விளிம்பு முழுக்க அப்பளம் பொரிந்த மாதிரி ஆகிவிட்டது. "பரவாயில்லா அங்கிள்" என்று கன்னடத்தில் பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு, அடுத்த புடவையைத் தெருமுனைக் கடைக்குக் கொண்டுபோனார்கள்.

தர்ம காரியங்களில் எனக்கு நல்ல பெயர் வந்தது 2020-ல். மார்ச் கடைசியில் ஊரடங்கு. வீட்டிலேயே முகக்கவசம் தைப்பது எப்படி என்று மத்திய அரசின் அறிவியல் ஆலோசகர் அலுவலகமே கையேடு வெளியிட்டது. நாடு என்னைக் கூப்பிடுகிறது என்று எடுத்துக்கொண்டேன். பழைய பருத்தி வேட்டியைக் கிழித்து 40 கவசம் தைத்தேன். எலாஸ்டிக்குக் கடை திறந்திருக்கவில்லை. அந்த எலாஸ்டிக்கை வீட்டில் எந்த உள்ளாடைகளிலிருந்து உருவினேன் என்பதை அன்று யாரிடமும் சொல்லவில்லை. காலம் கடந்துவிட்டதால் இப்போது சொல்கிறேன். வாங்கிப் போட்டவர்கள் மன்னிக்க வேண்டும். நன்றாகத் துவைத்துத்தான் வைத்தேன்.

நீளம் கொஞ்சம் குறைந்துவிட்டது. எங்கள் வாட்ச்மேன் காதுகள் இரண்டும் முன்னால் மடங்கி, எந்நேரமும் எதையோ உன்னிப்பாகக் கேட்கிறவர் போலவே நின்றார். அந்த இரண்டு மாதம் எங்கள் கட்டடத்தில் திருட்டுப் பயமே இல்லை.

அடுத்தது துணிப்பை. கர்நாடகத்தில் 2016 மார்ச்சிலேயே பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்துவிட்டது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்று ஆரம்பித்தார்கள். இரண்டு மாநிலத்தின் கௌரவமும் என் தலையில் இருக்கிறது என்று, கோயில் அன்னதானத்துக்குக் காய்கறி வாங்கப் பத்துப் பை தைத்துத் தருவதாக ஒப்புக்கொண்டேன். பை என்பது நாலு பக்கச் சதுரம். மூன்று பக்கம் மூட வேண்டும், ஒரு பக்கம் திறந்திருக்க வேண்டும். எவ்வளவு சுலபம்! உற்சாகத்தில் நாலு பக்கமும் மூடிவிட்டேன். ஒன்றில் இல்லை, ஏழில். கைப்பிடியும் வைத்தாகிவிட்டது.

"பஞ்சை அடைச்சுத் தலையணைன்னு கொடுத்துடுங்க" என்றாள் மனைவி. "தூக்கிட்டுப் போகக் கைப்பிடி இருக்கற தலையணை யார்கிட்ட இருக்கு?"

மிஞ்சிய ஒட்டுத்துணி ஒரு மூட்டை சேர்ந்தது. வடகன்னட மாவட்டத்தில் எல்லாப்பூர், ஹளியாள் பக்கம் வாழும் சித்தி சமூகத்துப் பெண்கள் பழைய துணியில் கவந்தி என்ற ஒட்டுப் போர்வை தைப்பார்கள். ஓரத்தில் தொடங்கி, துண்டு துண்டாக வைத்துச் சுற்றிச் சுற்றி உள்ளே வந்து நடுவில் முடிப்பார்கள். மூலைகளில் முக்கோணமாக மடித்த துணியைப் பூவாக வைப்பார்கள். முன்னோர் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மக்கள், கையில் கிடைத்த பழம்புடவையையும் கிழிசலையும் வைத்து இப்படி ஒரு கலையை வளர்த்திருக்கிறார்கள். இவர்களைப் பற்றிப் படித்ததும் மனம் உருகி நானும் ஓரத்திலிருந்து ஆரம்பித்தேன். நடுப்பகுதிக்கு வந்தபோது துணி மேடிட்டுக் குடை மாதிரி நின்றது. இப்போது அது பாத்ரூம் வாசலில் கால் துடைக்கக் கிடக்கிறது. எல்லோரும் அதில் ஒருமுறை தடுக்கியிருக்கிறோம்.

இந்த லட்சணத்தில் எனக்கு இரண்டு மாணவர்களும் சேர்ந்தார்கள். முதல் ஆள் மூன்றாவது மாடி சாஃப்ட்வேர் பையன். நாள் முழுக்க கம்ப்யூட்டர் பார்த்துத் தலை சூடாகிறது, கையால் ஏதாவது செய்ய வேண்டும் என்று வந்தான். முதல் தையலே கோணிக்கொண்டு போனது. நிமிர்ந்து பார்த்து, "அங்கிள், இதுல கண்ட்ரோல் இசட் எங்க இருக்கு?" என்று கேட்டான். மேஜை இழுப்பறையிலிருந்து அரை பிளேடை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். "இதுதான்பா." அன்று மாலை முழுக்க இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து பிரித்தோம். நான் அவனுக்குக் கற்றுத்தந்தது அது ஒன்றுதான். அதை மட்டும் முறையாகக் கற்றுத்தந்தேன்.

மூன்று தையலுக்கு ஒன்றாக நூலை வெட்ட வேண்டும். பிளேடின் முகம் நூலைப் பார்க்க வேண்டும், துணியைப் பார்க்கக் கூடாது. பிறகு மறுபக்கத்து நூலைச் சுண்டினால் சரசரவென்று முழு நீளமும் உருவிக்கொண்டு வரும். வெட்டிய துணுக்குகளைப் பொறுக்கிவிட்டு, ஊசி போன துளைகளை நகத்தால் நீவிவிட்டால் தைத்த தடமே தெரியாது. இதைச் சொல்லும்போது என் குரலில் கர்வம் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்து வருஷப் பயிற்சி.

இரண்டாவது மாணவி, எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாவின் மகள். பி.யு.சி. முடித்தவள். கார்மென்ட்ஸில் சேர வேண்டும், அதற்கு முன் மிஷினில் கை பழக வேண்டும் என்று வந்தாள். முதல் மாணவன் அங்கிள் என்றான், இவள் தாத்தா என்றாள். ஆகவே இவளிடம் கொஞ்சம் கறாராக இருக்க முடிவுசெய்தேன். இரண்டு நாள் பொறுமையாக என் பாடத்தைக் கேட்டவள், மூன்றாம் நாள் அடியில் கூடு கட்டிய துணியைப் பார்த்து, "தாத்தா, கீழே சிக்கினா மேல பாருங்க. நூல் டென்ஷன் தகட்டுக்குள்ள போகல" என்றாள். மேலே சரியாகக் கோத்தாள். கூடு கலைந்தது. 34 வருஷ உத்தியோகத்தில் நானே எத்தனை தடவை கண்ட உண்மை! கீழே நடக்கும் குளறுபடிக்கெல்லாம் காரணம் மேலேதான் இருக்கும்.

அந்த மாதமே அவள் பொம்மனஹள்ளிப் பக்கம் ஒரு கார்மென்ட்ஸில் சேர்ந்துவிட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தபோது, அங்கே முழுச் சட்டை தைப்பாயா என்று கேட்டேன். சிரித்தாள். ஒருத்தி காலர், ஒருத்தி பாக்கெட், ஒருத்தி பட்டி. இவளுக்குக் கை மூட்டுகிற வேலை. காலையிலிருந்து சாயங்காலம்வரை கை, கை, கை. மணிக்கு இத்தனை என்று கணக்கு. குறைந்தால் சூப்பர்வைசர் தலைக்குமேல் வந்து நிற்பார். என் கலம்காரி ஜாக்கெட்டை எடுத்துக் கொடுத்தேன். ஒரு கையைத் திருப்பி, மிச்சத் துணியில் சின்னதாக ஒரு ஒட்டுக் கொடுத்து, டீ ஆறுவதற்குள் மூட்டிவிட்டாள். கை இறங்கியது.

அவள் அத்தையும் கார்மென்ட்ஸ்தான். பி.எஃப். பணத்தை 58 வயதுவரை முழுசாக எடுக்க முடியாது என்று மத்திய அரசு கொண்டுவந்த விதியை எதிர்த்து, 2016 ஏப்ரலில் இந்த ஊர் கார்மென்ட்ஸ் பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலையை விட்டுவிட்டு ஓசூர் ரோட்டுக்கு வந்து நின்றார்கள். இரண்டே நாளில் டெல்லி அந்த விதியைத் திரும்பப் பெற்றது. அன்றைக்கு நான் டிராஃபிக்கில் மூன்று மணி நேரம் மாட்டிக்கொண்டு, "தைக்கிறவங்களுக்கு என்ன வந்துச்சு?" என்று பஸ்ஸில் சலித்துக்கொண்டது ஞாபகம் வந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை.

மறுநாள் பழைய ஜாக்கெட்டை எடுத்தேன். ஆமாம், அதே 4 அங்குலம். இத்தனை வருஷத்தில் அதன்மேல் நான் ஆறு தடவை தையல் ஓட்டியிருந்தேன். ஆறும் ஆறு திசையில் போயிருந்தன. எல்லாவற்றையும் பதமாகப் பிரித்தேன். துணுக்கு பொறுக்கினேன், துளை நீவினேன். தெருமுனைக்கு நடந்தேன்.

டெய்லர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு அந்த இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பிரிச்சது யார் சார்? துணியில ஒரு இழைகூட அறுபடல. சுத்தமான கை."

ஐந்து வருஷத்தில் எனக்குக் கிடைத்த ஒரே சான்றிதழ். தொண்டை அடைத்தது. "எவ்வளவு பாய்?" என்றேன்.

"60 ரூபாய்."

தானே, கீனே என்று எதுவும் சொல்லாமல் எடுத்துக் கொடுத்தேன். உட்காரச் சொன்னார். சக்கரம் ஒரு தரம் சுற்றியது போலத்தான் தெரிந்தது. வேலை முடிந்துவிட்டது.

ஆகவே இதனால் சகலருக்கும் தெரிவிப்பது: தைக்க வேண்டிய துணி இருந்தால் உங்கள் தெருமுனை டெய்லரிடம் கொடுங்கள். அவர் கேட்கிற கூலியைக் கொடுங்கள். தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால் மட்டும் போகாதீர்கள். பிரிக்க வேண்டிய துணி இருந்தால் அல்சூருக்கு என்னிடம் கொண்டுவாருங்கள். பிரிக்க நான் காசு வாங்குவதில்லை.